மின்னஞ்சலில் வேண்டிய பக்கங்களை மட்டும் அச்சிடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் கவனித்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வரும் மடல் ஒன்று, முந்தைய பத்துப் பதினைந்து மறுமொழிகளையும் தன் வாலில் கட்டிக்கொண்டு வரும். அதில் அளவு அட்டவணை உள்ள ஒரு பக்கமும் நிற ஒப்புதல் உள்ள ஒரு பக்கமும்தான் ஆர்டர் ஃபைலுக்குள் போக வேண்டியவை. இரண்டு பக்கம் கேட்டால் இருபது பக்கம் வந்து விழுகிறது என்றோ, கேட்ட பக்கம் வராமல் வேறு பக்கம் வருகிறது என்றோ, வாடிக்கையாளரின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் என்னைத் தேடி வராத வாரம் இல்லை.

தாள் வீணாவது இதில் சின்ன நஷ்டம்தான். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை அளவு அட்டவணையோடு சேர்ந்து விலைப் பேச்சு இருந்த பக்கமும் கட்டிங் பிரிவுக்குப் போய்விட்டது. அதை அங்கிருந்து திரும்ப வாங்கி வருவதற்குள் பார்க்க வேண்டாதவர்கள் பலர் பார்த்திருந்தார்கள். அன்றிலிருந்து, அச்சான தாள்களை எண்ணிப் பார்த்த பிறகே ஃபைலில் வைக்க வேண்டும் என்று சொல்லிவருகிறேன்.

எந்த அறிகுறிக்குப் போகும் முன்பும் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்கு என்று பக்கம் கிடையாது. எந்த அச்சுப்பொறி, எந்த அளவுத் தாள், எந்த எழுத்துரு என்று முடிவான பிறகுதான் கணினி அதைப் பக்கங்களாக வெட்டுகிறது. ஆகவே "மூன்றாம் பக்கத்தை எடுத்துக் கொடு" என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால், அது அவருடைய கணினியின் மூன்றாம் பக்கம். உங்கள் கணினியிலும் அதுவே மூன்றாம் பக்கமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டு பக்கம் கேட்டால் முழு மடலும் வருகிறது

முதலில், நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். பழைய அவுட்லுக்கில் மடலின் மேல் வலது சொடுக்கு செய்தால் வரும் "குவிக் பிரிண்ட்" எதையும் கேட்காது; முழு மடலையும் இயல்பு அச்சுப்பொறிக்கு (டீஃபால்ட் பிரிண்டர்) நேரே அனுப்பிவிடும். பக்கம் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் "ஃபைல்", "பிரிண்ட்", அதற்குள் "பிரிண்ட் ஆப்ஷன்ஸ்" என்ற வழியில் போக வேண்டும். அங்கே "பேஜ் ரேஞ்ச்" என்ற பகுதியில் "பேஜஸ்" என்பதைத் தேர்ந்து 2,5 என்றோ 3-6 என்றோ எண்களை இட வேண்டும். எண்ணை இட்ட பிறகு, "ஆல்" என்பதன் பக்கத்தில் இருந்த புள்ளி "பேஜஸ்" பக்கம் மாறியிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலில் இந்தத் தவறு வேறு உருவத்தில் வரும். உரையாடலின் மேலே வலது ஓரத்தில் இருக்கும் அச்சுப்பொறிப் படம் அந்த உரையாடலில் உள்ள எல்லா மடல்களையும் சேர்த்து அச்சிடுவதற்கானது. ஒரே ஒரு மறுமொழி போதும் என்றால், அந்த மறுமொழியின் வலப்புறம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அங்கே வரும் "பிரிண்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் அனுபவத்தில், பக்க எண் இடுவதற்கு முன்பே இந்த ஒரு மாற்றத்தால் பாதிப் பேரின் குறை தீர்ந்துவிடுகிறது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் கூடுதல் தாள்கள் வந்தால், அந்தத் தாள்களை எடுத்துப் படியுங்கள். அவை மடலின் பக்கங்களா, இணைப்புகளின் பக்கங்களா? அவுட்லுக்கின் அதே பெட்டியில் "பிரிண்ட் அட்டாச்டு ஃபைல்ஸ்" என்ற கட்டத்தில் குறி இருந்தால் இணைப்புகளும் சேர்ந்து அச்சாகும். நீங்கள் இட்ட பக்க எண் மடலுக்கு மட்டுமே பொருந்தும், இணைப்புகளை அது கட்டுப்படுத்தாது. நாற்பது பக்க டெக் பேக் (ஆடையின் தயாரிப்பு விவரங்கள் அடங்கிய கோப்பு) ஒன்று இணைப்பாக இருந்தால் நாற்பதும் வரும். குறியை நீக்கிவிட்டு, இணைப்பைத் தனியே திறந்து அதற்குரிய மென்பொருளிலிருந்து அச்சிடுவதே சரி.

மடலின் பக்கங்களே கூடுதலாக வருகின்றன என்றால், வரிசையில் முன்பு தேங்கிய வேலை ஏதேனும் இப்போது வெளிவருகிறதா என்று அச்சு வரிசையைத் திறந்து பாருங்கள். முதல் முறை வரவில்லை என்று நான்கு முறை அழுத்தியவரின் நான்கு வேலைகளும் அங்கே காத்திருக்கும்.

பக்க எண் இடும் இடமே இல்லை, அல்லது அது மங்கிக் கிடக்கிறது

பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட மடல்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் பக்க எல்லை கேட்பதில் பொருளில்லை. ஒரே மடலை இருமுறை சொடுக்கித் தனிச் சாளரத்தில் திறந்து, அங்கிருந்து அச்சிடுங்கள். "டேபிள் ஸ்டைல்" என்பது தேர்வாகியிருந்தால் மடலின் உள்ளடக்கம் வராது, இன்பாக்ஸின் பட்டியல்தான் வரும். அதை "மெமோ ஸ்டைல்" என்று மாற்றுங்கள்.

புதிய அவுட்லுக்கும் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. முதலில் வருவது முன்தோற்றம் மட்டுமே; அங்கே பக்க எண் இட இடம் இருக்காது. அதிலுள்ள "பிரிண்ட்" பொத்தானை மறுபடி அழுத்தினால் வரும் இரண்டாம் பெட்டியில்தான் "பேஜஸ்" இருக்கும். பழைய அவுட்லுக்கிலிருந்து மாறியவர்கள் முதல் பெட்டியோடு நின்றுவிட்டு, வசதியையே எடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் வந்து சொல்வார்கள்.

குரோமில் ஜிமெயிலோ ஸோஹோ மெயிலோ எதைத் திறந்தாலும் வருவது குரோமின் சொந்த அச்சுப் பெட்டி. அதில் "பேஜஸ்" என்பதற்கு எதிரே "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தால்தான் எண் இடும் கட்டம் தோன்றும். இல்லாத பக்கத்தை இட்டால், மொத்தம் இத்தனை பக்கம்தான் என்று கட்டத்தின் கீழே சிவப்பில் எழுதிக் காட்டும். அலுவலக அச்சுப்பொறிக்கே உரிய தட்டுத் தேர்வு, ரகசிய எண் போன்றவை வேண்டுமானால் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அழுத்தி விண்டோஸின் பெட்டியைத் திறக்கலாம்.

பக்கக் கணக்கே வேண்டாம், ஒரு பத்தியும் ஓர் அட்டவணையும் போதும் என்றால் உலாவியில் இன்னும் எளிய வழி இருக்கிறது. வேண்டிய பகுதியைச் சுட்டியால் தேர்ந்து கண்ட்ரோல்-பி அழுத்தி, "மோர் செட்டிங்ஸ்" என்பதற்குள் "செலக்‌ஷன் ஒன்லி" என்பதில் குறியிடுங்கள். முதலிலேயே எழுத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்தக் கட்டம் கண்ணில் படாது. இப்படி எடுத்த தாளில் அனுப்பியவர் பெயரும் தேதியும் வராது. ஃபைலில் வைக்க வேண்டிய தாள் என்றால் மடலின் தலைப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சிலர் அவுட்லுக்கில் வந்த மடலையே "எடிட் மெசேஜ்" என்று திறந்து, வேண்டாத மறுமொழிகளை அழித்துவிட்டு அச்சிடுகிறார்கள். மூடும்போது மாற்றத்தைச் சேமிக்கவா என்று அது கேட்கும். பழக்க தோஷத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் எழுதிய மடலின் பாதி உங்கள் பெட்டியிலிருந்து போய்விடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கேட்ட பக்கம் வராமல் வேறு பக்கம் வருகிறது

இந்த ஒன்றுக்குத்தான் அதிகம் பேர் என்னை அழைக்கிறார்கள். காரணங்களும் இதற்குத்தான் அதிகம். சிக்கல் மடலிலா, இணைப்பிலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

*மடலின் பக்கம் மாறினால்*

செலவில்லாத சோதனை முன்தோற்றம். எந்த அச்சுப்பொறியில் அச்சிடப் போகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுத்த பிறகு முன்தோற்றத்தில் பக்கங்களைப் புரட்டி, வேண்டிய அட்டவணை எத்தனையாவது பக்கத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்தோற்றத்தைப் பார்த்துவிட்டு அச்சுப்பொறியை மாற்றினால் கணக்கு பழையதாகிவிடும், மறுபடி பாருங்கள்.

அடுத்து, காலை பார்த்த அதே மடலைத்தான் மாலையில் அச்சிடுகிறீர்களா என்று பாருங்கள். இடையில் ஒரு மறுமொழி வந்திருந்தால், அந்தப் புதிய மடலில் மேலே நான்கு வரி ஏறியிருக்கும். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் நான்கு வரி இறங்கியிருக்கும். நேற்று ஐந்தாம் பக்கத்தில் இருந்த அட்டவணை இன்று ஐந்தின் அடியிலும் ஆறின் தலையிலும் பாதி பாதியாக நிற்பது இதனால்தான்.

மூன்றாவது, தாளின் அளவு. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாளோ சுமார் 216 அகலமும் 279 உயரமும் உடையது. உயரத்தில் 18 மில்லிமீட்டர் குறைவு என்பதால் பக்கத்துக்கு மூன்று நான்கு வரி குறையும். ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போது பன்னிரண்டு முதல் பதினாறு வரிவரை இடம் மாறியிருக்கும். ஒரு கணினி லெட்டரிலும் இன்னொன்று ஏ4-லும் கணக்கிட்டால் இரண்டு மேசைக்காரர்களும் ஒரே பக்க எண்ணைச் சொல்லி வெவ்வேறு பக்கத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருக்கும் கணினிகளில் புதிதாக நிறுவும் அச்சுப்பொறிகள் லெட்டரையே இயல்பாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அச்சுப்பொறியின் "பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்" பகுதியிலும், மென்பொருளின் "பேஜ் செட்டப்" பகுதியிலும், இரண்டிலுமே, ஏ4 என்று மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் தீரவில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

நான்காவது, எழுத்துரு. அனுப்பியவர் பயன்படுத்திய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் விண்டோஸ் வேறொன்றைப் போட்டு நிரப்பும். அதன் அகலம் வேறு என்பதால் வரிகள் வேறு இடத்தில் உடையும், பக்கமும் அதோடு நகரும்.

இத்தனை சோதனைக்கும் நேரமில்லாதபோது நான் செய்வது ஒன்றுதான். மடல் முழுவதையும் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்." என்பதற்கு அனுப்பி, கோப்பாகச் சேமித்துவிடுவேன். அதிலும் தாள் ஏ4 என்று இருக்கிறதா என முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பில் பக்கங்கள் உறைந்துவிட்டன. இனி எந்தக் கணினியில் திறந்தாலும் ஏழாம் பக்கம் ஏழாம் பக்கமே. ஒரே மடலின் சில பக்கங்களை மூன்று நான்கு பேர் வெவ்வேறு நாளில் அச்சிட வேண்டியிருந்தால், மடலைச் சுற்றுக்கு விடாமல் இந்தக் கோப்பைச் சுற்றுக்கு விடுங்கள்.

*இணைப்பு பி.டி.எஃப். ஆக இருந்தால்*

அடோபி ரீடரில் தாளின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் கோப்பின் கணக்கில் உள்ள எண்ணும் வேறாக இருக்கலாம். முகப்பும் பொருளடக்கமும் ரோமன் எண்ணில் இருந்தால், அடியில் 1 என்று போட்டிருக்கும் பக்கம் கோப்பில் ஐந்தாவதாக இருக்கும். மேலே உள்ள பக்கக் கட்டத்தில் "1 (5 ஆஃப் 38)" என்பது போலக் காட்டினால் இந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். அடிக்கடி குழப்பம் வந்தால், "பிரிஃபரன்சஸ்" என்பதில் "பேஜ் டிஸ்பிளே" பகுதிக்குப் போய் "யூஸ் லாஜிக்கல் பேஜ் நம்பர்ஸ்" என்ற குறியை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு முதல் தாளிலிருந்து வரிசையாக எண்ணலாம். ஒரே பக்கம்தான் வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தைத் திரையில் நிறுத்திவிட்டு "கரென்ட் பேஜ்" என்று அச்சிடுவது எண்ணைத் தேடுவதைவிட நம்பகமானது.

*இணைப்பு வேர்டாக இருந்தால்*

ஆவணம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் பக்க எண் ஒன்றிலிருந்து தொடங்கினால், வெறுமே 3 என்று இடுவது போதாது. இரண்டாம் பகுதியின் மூன்றாம் பக்கம் வேண்டுமானால் ஆங்கில பி எழுத்து, 3, எஸ் எழுத்து, 2 என்று இடைவெளியின்றி இட வேண்டும். மடலிலிருந்து நேரே திறந்த கோப்பு பாதுகாப்புப் பார்வையில் (புரொடெக்டட் வியூ) இருந்தால் அச்சுப் பக்கத்தில் "எனேபிள் பிரிண்டிங்" என்ற பொத்தான் நிற்கும். அனுப்பியவரை அறியாவிட்டால் அதை அழுத்தாமல் முதலில் கேளுங்கள்.

*இணைப்பு எக்ஸலாக இருந்தால்*

அகலமான அளவு அட்டவணையில் இரண்டாம் பக்கம் என்பது வலப்புறம் தொடரும் பகுதி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எக்ஸலின் இயல்பு வழக்கம் முதலில் கீழே இறங்கி முடித்துவிட்டுப் பிறகு வலப்புறம் போவது. ஆகவே எம், எல், எக்ஸ்எல் அளவுகள் இருக்கும் வலப்பகுதி நான்காம் பக்கமாகவோ ஐந்தாம் பக்கமாகவோ இருக்கும். "வியூ" பட்டையில் "பேஜ் பிரேக் பிரிவியூ" என்பதைத் திறந்தால் ஒவ்வொரு பகுதியின் மேலும் பக்க எண் நீர்க்குறியாகத் தெரியும். அதைப் பார்த்து எண்ணை இடுங்கள். அச்சுப் பக்கத்தில் "ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்" என்பதைத் தேர்ந்தால் வலப்பகுதி பிரிந்து போவதே நின்றுவிடும். எழுத்து மிகவும் சிறுத்துவிட்டால் தாளைக் கிடைமட்டமாக்குங்கள்.

அட்டவணையின் வலது ஓரம் வெட்டுப்படுகிறது

மடலின் உடலுக்குள்ளேயே ஒட்டிய அகல அட்டவணைகளுக்கு இது வழக்கமான நோய். முதலில் தாளைக் கிடைமட்டமாக்கிப் பாருங்கள். ஓரங்களைக் குறைத்துப் பாருங்கள். பழைய அவுட்லுக்கில் அதற்கும் அடங்காவிட்டால், மடலைத் தனியே திறந்து "ஆக்‌ஷன்ஸ்" பட்டியலில் "வியூ இன் பிரௌசர்" என்பதைத் தேர்ந்து, உலாவியின் அச்சுப் பெட்டியில் "ஸ்கேல்" என்பதை 70 அல்லது 80 ஆகக் குறையுங்கள். அளவைக் குறைத்ததும் மொத்தப் பக்கமும் குறையும். ஆகவே பக்க எண்ணை அதற்குப் பிறகே இடுங்கள்.

அட்டவணை படமாக ஒட்டப்பட்டிருந்தால், படத்தைத் தனியே சேமித்து அச்சிடுவதே சுருக்கு வழி. அளவு எண்கள் கலங்கித் தெரிந்தால் அந்தத் தாளைக் கட்டிங் மேசைக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் எக்ஸல் கோப்பாகக் கேளுங்கள்.

திரையில் இருக்கும் பகுதி அச்சில் இல்லை

ஜிமெயில் 102 கேபி அளவைத் தாண்டும் மடலை வெட்டிக் காட்டும். மடலின் அடியில் செய்தி வெட்டப்பட்டது என்ற வரியும், முழுச் செய்தியையும் காண ஓர் இணைப்பும் இருக்கும். அந்த இணைப்பைத் தொட்டுப் புதிய தாவலில் முழுமையாகத் திறந்த பிறகு, அங்கிருந்து கண்ட்ரோல்-பி அழுத்துங்கள்.

உரையாடல் முழுவதையும் அச்சிடும்போது, ஏற்கெனவே மேலே வந்துவிட்ட மேற்கோள் பகுதிகளை ஜிமெயில் மறைத்துவிட்டு, மேற்கோள் மறைக்கப்பட்டது என்ற குறிப்பை அடைப்புக்குறிக்குள் போடும். வாடிக்கையாளர் நம் கேள்விகளுக்கு இடையிடையே வேறு நிறத்தில் பதில் எழுதியிருந்தால், அந்த மறுமொழியை மூன்று புள்ளிகள் வழியே தனியாக அச்சிட்டு, பதில்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று முன்தோற்றத்தில் சரிபாருங்கள். கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியில் அந்த நிற வேறுபாடு மறைந்துவிடும் என்பதால், இப்படிப்பட்ட பக்கத்தை மட்டும் நிற அச்சுப்பொறிக்கு அனுப்புவது நல்லது. பின்னணி வண்ணம் பூசிய கட்டங்கள் வெள்ளையாக வந்தால் "பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்" என்பதில் குறியிடுங்கள்.

மடல் இங்கே வருகிறது, இணைப்பு வேறு அறையில் வருகிறது

அவுட்லுக் இணைப்புகளை இயல்பு அச்சுப்பொறிக்கு மட்டுமே அனுப்பும். மடலுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த அச்சுப்பொறி எதுவானாலும் சரி. அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே இதை எழுதியும் வைத்திருக்கிறார்கள், படிப்பவர்தான் இல்லை. விண்டோஸின் அச்சுப்பொறி அமைப்பில், இயல்பு அச்சுப்பொறியை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தேர்வு இயக்கத்தில் இருந்தால், கடைசியாக நீங்கள் பயன்படுத்தியது எதுவோ அதுவே இயல்பாகிவிடும். கணக்குப் பிரிவின் அச்சுப்பொறியில் நேற்று ஒரு தாள் எடுத்தவரின் விலைப் பட்டியல் இன்றும் அங்கே போய் விழுவது இதனால்தான். அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, உங்கள் பிரிவின் அச்சுப்பொறியை நீங்களே இயல்பாக அமையுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ குழம்பிய குறிகளாகவோ வருகின்றன

திரையிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையிலேயே குழப்பம் என்றால் அச்சுப்பொறியின் மேல் குற்றமில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பிய மடல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்பச் சொல்வதே நிலையான தீர்வு. யூனிகோடாக இருந்தும் தோற்றம் மாறினால், லதா எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 முதல் அது தானாக வருவதில்லை. விண்டோஸ் அமைப்பின் விருப்ப அம்சங்களில் (ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்) தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்க்க வேண்டும்.

திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கட்டம் வந்தால், கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி, அடோபி ரீடரில் "அட்வான்ஸ்டு" என்பதற்குள் "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" என்று குறியிட்டு அச்சிடுங்கள். இப்படிச் சரியாக வந்தால் கோளாறு அச்சுப்பொறியின் இயக்கியில் (டிரைவர்) இருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்கு உரிய இயக்கியை எடுத்து மறுபடி நிறுவ வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாதவர்கள் இந்தப் படியில் கணினிப் பொறுப்பாளரைக் கூப்பிடலாம்.

தட்டு நிறையத் தாள் இருந்தும் அச்சுப்பொறி தாள் கேட்டு நிற்கிறது

சிறு திரையில் "லெட்டர்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் இணைப்புகள் பெரும்பாலும் லெட்டர் அளவில் இருக்கும். அச்சுப்பொறி அந்தத் தாளுக்காகக் காத்திருக்கும். பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாருடைய வேலையும் அதோடு நிற்கும். அப்போதைக்கு அச்சுப்பொறியில் "ஓகே" அழுத்தினால் பல மாதிரிகள் இருக்கும் தாளிலேயே அச்சிட்டுவிடும். அடுத்த முறை வராமல் இருக்க, அச்சுப் பெட்டியில் "ஃபிட்" என்பதைத் தேர்ந்து தாளை ஏ4 என்று அமையுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: முழு அளவில் வரைந்த பேட்டர்னோ, உண்மை அளவில் இருக்கும் அச்சு வடிவமோ உள்ள பக்கத்துக்கு "ஃபிட்" கூடாது, அதற்கு "ஆக்சுவல் சைஸ்" மட்டுமே. மூன்று சதவீதம் சுருங்கிய லேபிள் வடிவத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேலை வைத்து அளந்தால்தான் தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே தாளின் முன்னும் பின்னும் வருகின்றன

2,5 என்று கேட்டால், இருபக்க அச்சு இயக்கத்தில் உள்ள அச்சுப்பொறி அவற்றை ஒரே தாளில் போட்டுவிடும். ஒன்று லேபுக்கும் ஒன்று கட்டிங்குக்கும் போக வேண்டியவை என்றால் இருபக்க அச்சை அணைத்துவிட்டு அனுப்புங்கள்.

எதுவுமே வரவில்லை, அல்லது பாதிப் பக்கத்தோடு நிற்கிறது

ஜிமெயிலில் அச்சுச் சாளரமே தோன்றவில்லை என்றால் உலாவி பாப்-அப் சாளரத்தைத் தடுத்திருக்கிறதா என்று முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் பாருங்கள்.

சாளரம் வந்தும் தாள் வரவில்லை என்றால், கணினியைத் தொடாமல் அச்சுப்பொறியின் பலகையிலிருந்தே ஒரு சோதனைத் தாளை எடுங்கள். அது சரியாக வந்தால் கோளாறு கணினியிலோ கம்பியிலோ வலையமைப்பிலோ இருக்கிறது. அதுவும் வராவிட்டாலோ, கோடு விழுந்து வந்தாலோ, கையால் தேய்த்தால் மை உதிர்ந்தாலோ கோளாறு அச்சுப்பொறிக்குள் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் இயக்கியை நீக்கி நிறுவி ஒரு முற்பகலை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

கணினிப் பக்கம் என்றால், முதலில் வரிசையில் உள்ள வேலைகளை நீக்கிப் பாருங்கள். நீக்கச் சொல்லியும் நீங்காமல் ஒரு வேலை அங்கேயே நின்றால், விண்டோஸ் சேவைகள் பட்டியலில் "பிரிண்ட் ஸ்பூலர்" என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் உறைக்குள் (ஃபோல்டர்) சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற உறையில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். அச்சுப்பொறி வேறொரு கணினி வழியே பகிரப்பட்டிருந்தால் இதை அந்தக் கணினியில் செய்ய வேண்டும். அங்கே காத்திருக்கும் மற்றவர்களின் வேலையும் அழிந்துபோகும் என்பதால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சில பக்கங்கள் வந்து, சாம்பிளின் புகைப்படங்கள் நிறைந்த பக்கத்தில் மட்டும் நின்றுவிட்டால் அச்சுப்பொறியின் நினைவகம் போதவில்லை என்று கொள்ளலாம். அந்தப் பக்கத்தை மட்டும் தனியே அனுப்பி, தெளிவை அங்குலத்துக்கு 600 புள்ளியிலிருந்து 300 புள்ளிக்குக் குறையுங்கள்.

அச்சுப்பொறிப் பக்கம் என்றால் டோனர், சிக்கிய தாள், சரியாக மூடாத கதவு ஆகியவை வரைதான் நம் வேலை. தாளை இழுக்கும் ரோலர் வழுக்கினால் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம்; துடைத்த இரண்டு நாளில் மறுபடி வழுக்கினால் ரோலரை மாற்ற வேண்டும். மை உதிர்வது, மையைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரின் கோளாறாக இருக்கக்கூடும். அது மிகவும் சூடேறும் பகுதி, ஆகவே கை வைக்காமல் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பொறியாளரை அழையுங்கள். சோதனைத் தாளே வராமல் பிழை எண் மட்டும் காட்டினால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். எண்ணைச் சொன்னால் பொறியாளர் உதிரியைக் கையோடு கொண்டுவருவார், சொல்லாவிட்டால் பார்த்துவிட்டுப் போய் இன்னொரு நாள் வருவார்.

பக்கம் பிரித்து எடுக்கக் கூடாத மடல்

பணம் வராத ஆர்டர், தரக்குறைவு என்று திருப்பிய சரக்கு என்று தகராறில் இருக்கும் மடல்களுக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைப்பதை 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு ஆள்கிறது. அதற்கு முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு ஆண்டது. அச்சிட்ட தாளோடு உரிய வடிவில் ஒரு சான்றிதழும் அங்கே தேவைப்படும். நடுவில் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்தால் மீதிப் பக்கம் எங்கே என்ற கேள்வி எதிர்த்தரப்பிலிருந்து வரும். மடலை அழிக்காமல், வேறு உறைக்கு நகர்த்தாமல், ஜிமெயிலில் மூன்று புள்ளிகள் வழியே "டவுன்லோடு மெசேஜ்" என்றும், பழைய அவுட்லுக்கில் "சேவ் ஆஸ்" வழியே அவுட்லுக் செய்தி வடிவிலும் ஒரு பிரதியைச் சேமித்துவிட்டு, அச்சிடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.